மணிக்கு 30 மில்லி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் முதலைப் பண்ணை பார்க்க வந்தவர்கள். அந்த வளாகத்திலேயே ஒரு பக்கமாக இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. உள்ளே தரையில் வரிசையாக மண்பானைகள். அடியில் மணல், வாயில் துணி போட்டு இறுக்கிக் கட்டிய கயிறு. பானைக்குள் பாம்பு.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னாலேயே வந்த தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பாம்புத்தோல் பிழைப்பை நிறுத்திவிட்டன. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் இந்தச் சங்கம் உருவானது. முன்பு தோலுக்காகக் கொன்ற பாம்பை இப்போது உயிரோடு பிடித்துவந்து, சில வாரம் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். 2023-இல் பத்மஸ்ரீ வாங்கிய வடிவேல் கோபாலும் மாசி சடையனும் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள்தான். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்தப் பானைகளிலிருந்து போகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் என நான்கு இனங்களின் விஷம்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது. கண்ணாடி விரியன், கிட்டத்தில் போனால் குக்கர் விசில் அடிப்பதுபோல் சீறும். குவளையின் விளிம்பைக் கடிக்க வைத்தால் இளமஞ்சளாகச் சில துளிகள் விழும். ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறங்கும் என்று சிகிச்சை நெறிமுறைகள் கணக்கு வைத்திருக்கின்றன. இரண்டு விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைப் பிடிக்கும், மூச்சை நிறுத்தும். கண்ணாடி விரியன் ரத்தத்தைப் பிடிக்கும், அதன் வழியாகச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். பிடித்துவிட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்கிறவர், எந்தக் கருவியையும்விட முன்னதாக, நோயாளியின் கட்டில் ஓரத்தில் குனிந்து அளவுக் குவளையைப் பார்க்கும் செவிலியர்.

ஒருவரை வைத்துப் பேசுவோம். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் வயல். வயது 45, எடை 60 கிலோ. காலை ஆறரை மணிக்கு வரப்பில் கால் வைத்தபோது கடித்தது. இவர் உண்மையில் ஒரே ஆள் அல்லர். அறுப்புக் காலத்தில் வார்டுக்கு வருகிற பலரைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள். மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் நடுவில் இருக்கிறது. 108 வண்டியில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர எட்டு மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1965-இல் தொடங்கிய கல்லூரி. அந்த வட்டாரத்துக்குப் பெரியாஸ்பத்திரி.

வந்ததும் செய்யும் சோதனைக்கு மின்சாரம்கூட வேண்டாம். 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் உள்ளே வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. கண்ணாடியின் பரப்பைத் தொட்டுத்தான் உறைதல் தொடங்க வேண்டும். அந்த 20 நிமிடமும் சொந்தக்காரர் யாரும் குழாயைத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிடாமல் காவல் காப்பதும் செவிலியர் வேலைதான்.

ரத்தம் ஏன் உறையாமல் போகிறது? விஷம் உறைதலைத் தடுப்பதில்லை. அளவுக்கு மீறி உறைய வைக்கிறது. ரத்தத்தில் உறைதலுக்கென்று இருக்கும் புரதங்களில் ஐந்தாவதையும் பத்தாவதையும் கண்ணாடி விரியனின் நொதிகள் நேராகத் தட்டி எழுப்பிவிடுகின்றன. உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாக உறைகட்டிகள் உண்டாகி, இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. அப்புறம் ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காது. (இதே விஷத்தை நீர்க்கச் செய்து, ரத்தம் உறைவதில் உள்ள ஒருவகைக் கோளாறைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். வடநெம்மேலியில் பார்த்த அந்த மஞ்சள் துளிக்கு இப்படியும் ஒரு வாழ்வு உண்டு.)

மருந்தின் கணக்கு எளிது. 1 மில்லி மாற்றுமருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லி. ஆக ஒரு குப்பி 6 மில்லிகிராமுக்குச் சரி. 63 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 10 குப்பி. ட்ரிப்ஸில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாமை கிளம்பும். அதனால் அட்ரினலினை ஊசியில் ஏற்றித் தலைமாட்டிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் மாற்றுமருந்து ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் பிடிக்கும். அதற்குள் சிறுநீரகத்தில் நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பித் தராது. இதை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பது கடினம். ‘பத்து ஊசி போட்டாச்சே, அப்புறம் ஏன் டயாலிசிஸ்?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் இருக்கும். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றுக்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் அதிகம். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியையெல்லாம் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இவ்வளவு ரத்தம் போகிற இடத்துக்கு விஷமும் அவ்வளவு போகும். நுண்குழல்களில் பொடி உறைகட்டிகள் அடைக்கின்றன. ரத்த அழுத்தம் விழுகிறது. சிதைந்த ரத்த அணுக்களின் நிறமி வந்து சேருகிறது. மீட்டு இழுக்கும் வேலையைச் செய்யும் குழல் அணுக்கள் ஆக்சிஜன் இல்லாமல் உதிர்ந்து, உதிர்ந்தவை குழலையே அடைத்துக்கொள்கின்றன. வருகிற கொஞ்சச் சிறுநீரும் கடுங்காப்பி நிறத்தில் வரும்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.0 என்று நல்ல பிள்ளையாக வந்து நிற்கும். கிரியேட்டினின் ஒரு கழிவு. அது ரத்தத்தில் சேர்ந்து எண்ணாகத் தெரிய ஒரு நாளாவது பிடிக்கும். சிறுநீரின் அளவோ அந்த மணியிலேயே குறையும். சுமாரான கணக்கு: ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி. நம் 60 கிலோக்காரருக்கு 30 மில்லி. டீக்கடை கண்ணாடி டம்ளரில் கால் பங்கு. அதற்குக் கீழே 6 மணி நேரம் நின்றால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று பொருள். கிரியேட்டினின் என்ன சொன்னாலும் சரி.

எனவே சிறுநீர்ப்பைக்குள் டியூப். ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் 1930-களில் உருவாக்கிய அதே வடிவம்தான், நுனியில் சின்ன பலூன் வைத்தது. உறைதல் கெட்டுப்போன ஆளுக்கு இதைப் போடுவதில் தனிப் பதம் வேண்டும். உள்தோல் எங்கே கீறினாலும் ரத்தம் நிற்காது. யூரின் பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. டியூபுக்கும் பேக்குக்கும் நடுவே உள்ள இணைப்பை அவசியமில்லாமல் திறக்கக் கூடாது. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் ஏறுகிறது. நல்ல செவிலியர் டியூப் போடும்போதே அதை எடுக்கப்போகும் நாளை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

2 லிட்டர் பேக்கில் கோடுகள் 100 மில்லிக்கு ஒன்றாக இருக்கும். 30-ஐ அதில் படிக்க முடியாது. அதனால் மணிக்கு ஒரு முறை அடிவாயைத் திறந்து அளவுக் குவளையில் இறக்கி, குவளையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்து, சார்ட்டில் எழுதுகிறார். 9 மணி: 60. 10 மணி: 50. 11 மணி: 35, நிறம் சிவப்பு. 12 மணி: 20. 1 மணி: 0.

பூஜ்யத்தைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடக்கூடாது. முதலில் போர்வையை விலக்க வேண்டும். டியூப் தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கலாம். கட்டில் கம்பியில் மடங்கியிருக்கலாம். உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால், சிறுநீர்ப்பை நிறைந்து உருண்டையாக நிற்கிறதா என்பது விரலுக்குத் தெரியும். வயிறு தளர்ந்திருந்து, டியூபும் நேராக இருந்து, அப்போதும் பூஜ்யம் என்றால்தான் அது சிறுநீரகத்தின் பூஜ்யம். இந்தப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது; எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

மாலையில் மனைவி வருகிறார். கையில் தூக்குவாளி.

“சிஸ்டர், ஒரு எளநி மட்டும் குடுத்துக்கட்டுமா? ஒடம்பு சூடு தணிஞ்சா மூத்திரம் தானா எறங்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“வேணாம்மா. இப்ப இவருக்கு எளநி ஒரு சொட்டுகூட ஆவாது. நெஞ்சு நின்னுடும்.”

அந்த அம்மா நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. கடற்கரைச் சாலை நெடுக இளநீர் குவித்து விற்கிற ஊரில், நீர்க்கடுப்பு என்றாலே இளநீர் வாங்கிக் கொடுத்து வளர்ந்த வீட்டில், இதை எப்படி நம்புவது? விஷயம் பொட்டாசியம். 100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வேலை செய்யும் சிறுநீரகம் அதை அன்றே வெளியே தள்ளிவிடும். நின்றுபோன சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். முன்னறிவிப்பில்லாமல் நின்றும் போகும். வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ் எல்லாம் இதே கணக்கில் சேரும். ‘கூடாது’ என்று அதட்டிவிட்டுப் போகும் செவிலியருக்குத் தெரியாமல் நள்ளிரவில் இளநீர் உள்ளே போய்விடும். காரணம் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அந்த அம்மாவே காவல் ஆகிவிடுவார்.

தண்ணீருக்கும் அளவு உண்டு. நேற்று எவ்வளவு சிறுநீர் வந்ததோ அதோடு அரை லிட்டர், அவ்வளவுதான் இன்றைக்கு. ட்ரிப்ஸ், மாத்திரை விழுங்கும் தண்ணீர், மோர், எல்லாம் அதற்குள். நாக்கு ஒட்டிப்போய்க் கெஞ்சுகிறவருக்கு வாயை நனைத்துத் துடைத்து, ஒரு சின்ன ஐஸ் துண்டு கொடுத்து, அந்த ஐஸையும் சார்ட்டில் எழுத வேண்டும். தினமும் காலையில் அதே தராசில் எடை. ஒரே இரவில் ஒரு கிலோ கூடினால் அது சதை அல்ல, வெளியேறாத ஒரு லிட்டர் தண்ணீர். அது போய்ச் சேரும் இடம் நுரையீரல். படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் தேவலை என்று நோயாளி சொன்னால் தலைமாட்டை உயர்த்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெண் நோயாளியாக இருந்தால் சேதம் சில சமயம் கடிக்கு முன்னாலேயே தொடங்கியிருக்கும். வயலிலும் உப்பளத்திலும் ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும். நீர்ப்பாதைத் தொற்றும் கூடவே இருக்கலாம். ‘காலையிலிருந்து என்ன குடிச்சீங்க, யூரின் போனீங்களா?’ என்று வார்டு நடுவில் உரக்கக் கேட்டால் பதில் வராது. திரையை இழுத்துவிட்டு, காதருகே குனிந்து கேட்டால் வரும்.

நம் 60 கிலோக்காரருக்கு மூன்றாம் நாள் யூரியா ஏறிவிட்டது, பொட்டாசியம் ஏறிவிட்டது. டயாலிசிஸ். கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே எடுத்து, மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஓடவிடுகிறார்கள். மறுபக்கம் சுத்தமான உப்புக்கரைசல் ஓடுகிறது. டீ பேக்கில் தூள் உள்ளேயே நின்று சாயம் மட்டும் வெளியே இறங்குவதுபோல, ரத்த அணுக்கள் நிற்க, யூரியாவும் பொட்டாசியமும் அந்தப் பக்கம் இறங்கிவிடுகின்றன. வழக்கமாக டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் விடுவார்கள். விரியன் கடித்தவருக்கு அதைத் தர முடியாது. அதனால் அரை மணிக்கு ஒரு முறையோ அதற்கும் அடிக்கடியோ சலைன் விட்டுக் குழாயைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவிய அந்தச் சலைனையும் கணக்கில் எழுத வேண்டும்.

நிமிடத்துக்கு 500 மில்லி கரைசல், 4 மணி நேரம். ஒரு முறைக்கு 120 லிட்டர். நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறவர் இரண்டு மாதம் குடிக்கும் தண்ணீர், ஒரே அமர்வில் ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. குடிக்கும் தண்ணீரில் குளோரினோ கொஞ்சம் அலுமினியமோ இருந்தால் குடலும் சிறுநீரகமும் சமாளிக்கும். இங்கே அந்த இரண்டு காவலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு டயாலிசிஸ் பிரிவுக்கும் பின்னால் ஒரு தண்ணீர் அறை இருக்கிறது. அங்கே எதிர் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ. நடக்கிறது. வடநெம்மேலிக்குப் பக்கத்திலேயே, நெம்மேலியில், சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. 2013-இல் நாளைக்கு 10 கோடி லிட்டரில் தொடங்கியது. 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று பக்கத்தில் வந்தது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடலை அழுத்தி வடிக்கும் அந்தத் தொழிற்சாலையும், ஆஸ்பத்திரிப் பின்கட்டில் ஓடும் அந்தச் சின்ன இயந்திரமும் ஒரே குடும்பம்.

பெரும்பாலானவர்களுக்குக் கதை நல்லபடியாகத் திரும்புகிறது. சிறுநீரகக் குழல் அணுக்களுக்கு மறுபடி முளைக்கும் சக்தி உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் சார்ட்டில் ஒரு நாளைய சிறுநீரின் எண்கள் ஏறும். 100, 400, 900, ஒருநாள் 3,000. வீட்டுக்காரர்கள் சிரிக்கிற நாளில் செவிலியருக்கு வேலை கூடும். புதிதாக முளைத்த குழலுக்கு மீட்டு இழுக்கத் தெரியாது. தண்ணீரும் உப்பும் பொட்டாசியமும் கொட்டிப்போகும். நேற்றுவரை தண்ணீரைப் பிடித்துவைத்தவர் இன்று குடிக்கச் சொல்லி வற்புறுத்துவார். அந்த அம்மாவிடம், ‘இப்ப எளநி வாங்கிட்டு வரலாமான்னு டாக்டரைக் கேக்கறேன்’ என்று சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

சிலருக்குத் திரும்புவதில்லை. சிறுநீரகத்தின் வெளிப்புறத் திசுவே கருகிவிட்டால் அது முளைக்காது. அவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று டயாலிசிஸ், கையில் ஃபிஸ்டுலா. ரத்தக்குழாய்களை இணைத்த அந்த இடத்தில் விரல் வைத்தால் வண்டு ரீங்கரிப்பதுபோல அதிரும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, வளையல் இறுக்கக் கூடாது. அதிர்வு நின்றால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் திரவப் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் வேலைகளில் ஒன்று. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் திருக்கழுக்குன்றத்தை மறக்கக்கூடாது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் அந்த ஊர்ப் பையன். சென்னைப் போக்குவரத்தைக் கிழித்துக்கொண்டு 11 நிமிடத்தில் போன அவனுடைய இதயத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிறுநீரகங்களையும் அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள் என்பது பலருக்கு ஞாபகமில்லை. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான்.

2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவித்தது. இனி கடிகள் எண்ணப்படும், நல்ல காரியம். ஆனால் மணிக்கு மணி அளக்க ஆள் வேண்டும். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவுப் பணியில் ஒரே ஆளாக ஒரு வார்டு முழுக்க ஓடும் செவிலியரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும். 12 மணிக்கும் 1 மணிக்கும் அளக்காமல் 6 மணிக்குச் சேர்த்து அளந்தால் ஒரே எண் மட்டும் வரும். அதில் எந்த மணியில் சிறுநீர் நின்றது என்பது தெரியாது.

உங்கள் வீட்டில் யாரையாவது பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடித்த காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். போகும் வழியில் இரண்டு நேரங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது கடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் போனார். அப்போது அது என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் எழுதி, அந்தத் தாளைச் செவிலியர் கையில் கொடுங்கள்.